மன்னர் மூக்கில் ஒரு கோடு

முன்னொரு காலத்தில், ஒரு செப்புக்காசுக்கு இரண்டு சொம்பு மோர் கிடைத்துக்கொண்டிருந்த நாட்டில், கிரீடவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார், சண்டைக்கும் போக மாட்டார். ஆனால் அவருக்குத் திடீர் திடீரென்று ஆசைகள் வரும். மன்னருக்கு ஆசை வந்தால் மற்றவர்களுக்குத் தலைவலி வரும்.

அந்தச் சித்திரையில் வந்த ஆசை இது: நாட்டுக் காசில் அதுவரை இருந்த காளை மாட்டை எடுத்துவிட்டுத் தம்முடைய முகத்தைப் போட வேண்டும்.

போட்டார்கள். கனத்த இரும்பு அச்சு ஒன்றில் மன்னரின் முகத்தைச் செதுக்கினார்கள். தலைப்பாகை, மூக்கு, மீசை, முகவாய் எதுவும் குறையவில்லை. செப்பு வில்லையின் மேல் அச்சை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் ஒரு காசு. மன்னருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த ஆனந்தத்தில் மூன்று உத்தரவுகள் போட்டார். தம் முகம் உள்ள அச்சை எவனும் உடைக்கக் கூடாது. அதன் மேல் அரம் படக் கூடாது. ஒரு மன்னருக்கு இரண்டு முகம் இருக்க முடியாது என்பதால் இரண்டாவது அச்சு செய்யவே கூடாது.

கேட்டுக்கொண்டிருந்த அரண்மனை விகடர் சிற்றம்பலம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மன்னா, இரும்புக்கும் வயசாகுமே!"

"என் முகத்துக்கு வயசாகாது" என்றார் மன்னர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாற்பது நாள் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மன்னருக்கு ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் யாரோ ஒரு செப்புக்காசு போட்டிருந்தார்கள். மன்னர் குனிந்து பார்த்தார். காசிலிருந்த முகத்தில், தலைப்பாகையிலிருந்து புறப்பட்ட ஒரு கோடு நெற்றியைக் கடந்து மூக்கு நுனிவரை வந்து நின்றது.

"யார் என் முகத்தைக் கத்தியால் கீறியது?"

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கசாலை அதிகாரி பெத்தபெருமாளுக்கு மட்டும் வியர்த்தது. பெயர்தான் தங்கசாலை, அங்கே அடிப்பதெல்லாம் செம்பு. அந்தச் செம்புக்கு அவர்தான் பொறுப்பு. கோடு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் பதவி போகும் என்பதும் தெரியும்.

"ஜனங்களின் வேலை மன்னா! பொறாமை!" என்றார்.

"மன்னா, காசை ஒரு தரம் நகத்தால் தடவிப் பாருங்கள்" என்றார் சிற்றம்பலம். "கத்திக் கீறலாக இருந்தால் பள்ளம் தட்டும். அச்சில் கோளாறு என்றால் மேடு தட்டும். ஒரு நொடி வேலை."

இதில்தான் சிக்கல். அந்த வம்சத்தில் மன்னர் செம்பைத் தொடுவது வழக்கமில்லை. பொன்னைத் தொடுவார், வெள்ளியைத் தொடுவார், செப்புக்காசைத் தட்டில் வைத்துக் கண்ணால் பார்ப்பதோடு சரி. கண்ணுக்கோ சின்ன மேடும் சின்னப் பள்ளமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"நான் செம்பைத் தொடுவதா? சபையோரே, நீங்கள் தடவிச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு இது பள்ளம்."

காசு கை மாறிக் கை மாறிப் போனது. பதினெட்டுப் பேர் தடவினார்கள். மன்னரே பள்ளம் என்ற பிறகு மேடு என்று சொல்ல எந்த விரலுக்குத் தைரியம் வரும்?

"பள்ளம்தான் மன்னா."

"ஆழமான பள்ளம்."

"என் விரலே உள்ளே போய்விட்டது" என்றார் ஒருவர்.

சிற்றம்பலம் அவருடைய விரலை ஒரு முறை பார்த்தார். வாழைப்பழம் அளவு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மன்னர் உடனே இரண்டு காரியம் செய்தார். கோடு போட்ட காசு யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் கீறியவர், பிடித்து வாருங்கள் என்று காவலரை அனுப்பினார். கெட்டுப்போன காசுகளுக்கு ஈடாக இரண்டு மடங்கு புதுக்காசு அடிக்கும்படி பெத்தபெருமாளுக்குக் கட்டளையிட்டார். அதே அச்சில்தான்!

உச்சிப் பொழுதுக்குள் ஆள் கிடைத்துவிட்டது. தங்கசாலை வாசலில் மோர் விற்கும் சடைச்சி. அவளுடைய காசுப் பானையில் இருந்த அத்தனை காசிலும் கோடு.

"மோர் வித்த காசு மவராசா!" என்றாள் அவள். கை கட்டியிருந்தாலும் வாய் கட்டவில்லை. "தங்கசாலைக்காரங்க கூலிய வாங்கிட்டு நேரா எங்கிட்டதான் மோர் குடிக்க வராங்க. சூடு ஆறாத காசு. எனக்கு மோர் கடையவே நேரம் பத்தல, இதுல உங்க மூஞ்சிய ஒண்ணொண்ணா எடுத்து வச்சிக்கிட்டுக் கீறிக்கிட்டா இருப்பேன்?"

"வாயைப் பார்த்தீர்களா மன்னா! கீறியவள் இவள்தான்" என்றார் பெத்தபெருமாள்.

"வெள்ளிக்கிழமை இவள் வலது கையை வெட்டுங்கள்" என்றார் மன்னர்.

சிற்றம்பலம் எழுந்து நின்றார். "மன்னா, இவள் கீறவில்லை."

"அப்படியா? என் முகத்தில் கோடு போட்டவன் வேறு யாரோ என்றால், அவனை வெள்ளிக்கிழமை சங்கிலியால் கட்டி இழுத்துவந்து என் முன்னால் மண்டியிட வை. இல்லாவிட்டால் அவள் கை போகும். உன் வேலையும் போகும்."

"என் வேலை போனால் எனக்கு நிம்மதி. அவள் கை போனால் மோருக்கு எங்கே போவது?" என்று முணுமுணுத்துக்கொண்டே சிற்றம்பலம் வெளியே நடந்தார்.

மறுநாள் காலை தங்கசாலைக்குப் போனார். ஒரே சம்மட்டிச் சத்தம். இரட்டை வேகத்தில் காசு விழுந்துகொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருந்தவர் இருளப்பன், இருபது வருஷமாகச் சம்மட்டி பிடிப்பவர். சிற்றம்பலம் அச்சைத் திருப்பிப் பார்த்தார். மன்னரின் முகத்தின் நடுவே முடி கனத்தில் ஒரு விரிசல்.

"இருளப்பா, அச்சு விரிஞ்சிருக்குதே, தெரியுமா?"

"தெரியாம என்னங்க? விரிஞ்சு இருபது நாளாச்சு. அடிக்கும்போது செம்பு அந்த விரிசலுக்குள்ள ஏறிக்குது. காசுல வரப்பு மாதிரி எழும்பி நிக்குது."

"அச்சை மாத்தறதுதானே?"

"மாத்தணும்னா பழசை உடைக்கணும். உடைச்சா ராஜா மூஞ்சிய உடைச்ச குத்தம்."

"அரம் போட்டுச் சரி பண்ணக் கூடாதா?"

"ராஜா மூக்கைச் சீவின குத்தம்."

"சரி, இது ஒரு ஓரமா இருக்கட்டும். புதுசா ஒண்ணு?"

"ராஜாவுக்கு ரெண்டு மூஞ்சின்னு சொன்ன குத்தம்." இருளப்பன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். "ஐயா, நீங்க கேக்கறதெல்லாம் நாங்களும் கேட்டாச்சு. அதிகாரி ஐயாகிட்டப் போயி, விரிசல்னு மேலே சொல்லுங்கன்னோம். ராஜா மூஞ்சில விரிசல்னு சொன்னா சொன்னவன் நாக்கு போயிடும், சும்மா அடின்னுட்டாரு. அடிக்கிறோம்."

"அந்தப் பொம்பளை கை போகப் போகுதே அப்பா!"

"எங்களுக்கு மட்டும் வலிக்கலையா? மூணு வேளை அது மோரைத்தான் குடிக்கிறோம். நேத்திலேருந்து தொண்டை காயுது."

சிற்றம்பலம் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு மேலே ஒரு மாடம். மாடத்தில் ஒரு பிள்ளையார். பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஒரு காசு மட்டும் நுழையும் அகலத்தில் நெட்டையாக ஒரு மூங்கில் குழாய்.

"இது என்ன?"

"பிள்ளையாருக்குங்க. தினம் முதல்ல விழற காசை அதுல போட்டுட்டுத்தான் ரெண்டாவது காசு அடிப்போம். வருஷக் கடைசியில எடுத்துக் கொழுக்கட்டை பண்ணுவோம். நடுவுல யாரும் கை வைக்கிறதில்ல."

சிற்றம்பலம் எழுந்தார். குழாயைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

"நாளைக்கும், நாளன்னைக்குக் காலையிலயும் மறக்காம முதல் காசைப் போட்டுடு இருளப்பா. வெள்ளிக்கிழமை நீயும் சபைக்கு வரணும். வரும்போது ஒரு சங்கிலி கொண்டு வா. நல்ல கனமான சங்கிலி."

வெள்ளிக்கிழமை வந்தது. சபை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சடைச்சி நின்றாள், காலடியில் சாட்சிக்காகக் கொண்டுவந்த அவளுடைய காசுப் பானை. அவளுக்கு அருகில், வெட்டுவதற்கென்று ஒரு மரக்கட்டை. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே சங்கிலிச் சத்தம் கேட்டது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். சிற்றம்பலம் முன்னால் வர, பின்னால் இருளப்பன் ஒரு கட்டைவண்டியை இழுத்து வந்தார். வண்டியில், ஆறு சுற்றுச் சங்கிலியால் கட்டப்பட்டு, இரும்பு அச்சு.

"மன்னா, தங்கள் முகத்தில் கோடு போட்ட குற்றவாளி. கட்டளைப்படி சங்கிலியில் கட்டிவிட்டேன். கால் இல்லாததால் மண்டியிட மறுக்கிறான். அதை மட்டும் மன்னிக்க வேண்டும்."

மன்னர் முகம் சிவந்தது. "என் முகத்தையே சங்கிலியில் கட்டியிருக்கிறாயா?"

"கோடு போட்டவனைக் கட்டச் சொன்னீர்கள். போட்டது இவன்தான். இவன் முகத்தில் விரிசல் விழுந்தது, அது காசில் மேடாக எழுந்தது. கொழுக்கட்டை அச்சு விரிந்தால் கொழுக்கட்டையில் வரப்பு விழாதா? அது போல."

விகடர் இப்படி ஏதாவது செய்வார் என்று பெத்தபெருமாள் எதிர்பார்த்தே இருந்தார். பட்டுத்துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தோடு முன்னால் வந்தார்.

"மன்னா, பள்ளமா மேடா என்று விகடர் அன்றைக்குக் கேட்டார். இதோ பன்னிரண்டு காசு. செவ்வாய்க்கிழமை இவளைப் பிடித்தபோதே இவள் வீட்டு அரிசிப் பானையின் அடியிலிருந்து எடுத்தவை. அன்றிலிருந்து இந்தப் பொட்டலம் என் முத்திரையோடு இருக்கிறது. விகடரே தடவிப் பார்க்கட்டும்."

சிற்றம்பலம் முத்திரையை உடைத்து ஒரு காசை எடுத்துத் தடவினார். நகம் பள்ளத்தில் இறங்கியது. இன்னொன்று. அதுவும் பள்ளம். சந்தேகமில்லாத உளிக் கீறல்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சடைச்சி பக்கம் பார்த்தார்.

"என் வீட்டுல அரிசிப் பானையே இல்ல சாமி. நான் கம்பு திங்கிறவ" என்றாள் அவள்.

"கேட்டீர்களா பொய்யை!" என்றார் பெத்தபெருமாள்.

"முடிந்ததா சிற்றம்பலம்?" என்றார் மன்னர். மரக்கட்டையின் பக்கம் ஒரு காவலன் நகர்ந்தான்.

சிற்றம்பலம் காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மன்னா, தங்கள் வெற்றிலைப் பெட்டியைக் கொஞ்சம் தர வேண்டும்."

"இந்த நேரத்தில் வெற்றிலையா?"

"வெற்றிலை வேண்டாம். சுண்ணாம்பு போதும். தாங்கள் செம்பைத் தொட மாட்டீர்கள், தொட்டவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே கண்ணுக்கே காட்டிவிடுகிறேன்."

சடைச்சியின் பானையிலிருந்து ஒரு காசை எடுத்தார். அதன் மேல் சுண்ணாம்பைத் தாராளமாகப் பூசி, மேல்துண்டால் ஒரே இழுப்பில் துடைத்து, தட்டில் வைத்து மன்னரிடம் நீட்டினார். கண்குழியிலும் மீசை மடிப்பிலும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தங்கியிருந்தது. கோட்டில் தங்கவில்லை. அது செம்பாகவே பளபளத்தது.

"என்னைக் கிழவனாக்கிவிட்டாயே!" என்றார் மன்னர்.

"மீசையை விடுங்கள் மன்னா, கோட்டைப் பாருங்கள். மேட்டில் சுண்ணாம்பு நிற்காது. இது அச்சில் வந்தது. இப்போது அதிகாரியின் காசு."

பெத்தபெருமாளின் காசில் பூசித் துடைத்தார். மீசைக்குப் பக்கத்தில் ஒரு கோடு பால்போல வெளுத்து நின்றது.

"பார்த்தீர்களா! கீறல்!" என்று குதித்தார் பெத்தபெருமாள்.

"கீறல்தான். யார் இல்லை என்றது? ஆனால் மன்னா, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே செம்பாக இன்னொரு கோடு ஓடுகிறது, தெரிகிறதா? அது அச்சில் வந்த மேடு. கீறியவர் மேட்டின் மேலேயே உளியை ஓட்டப் பார்த்திருக்கிறார். உளி மேட்டில் நிற்காமல் பக்கத்தில் சறுக்கிவிட்டது. அந்த மேடு எதுவரை போகிறது என்று பாருங்கள்."

மன்னர் குனிந்தார். "மூக்கு... மீசை... முகவாய்வரை போகிறது."

"சடைச்சியின் பானையில் இருப்பதில் நீளமான கோடு எதுவரை?"

"மூக்கு நுனிவரை."

"இருளப்பா, பிள்ளையார் குழாயைக் கொண்டு வா."

இருளப்பன் மூங்கில் குழாயைக் கொண்டுவந்து, நாளின் முதல் காசு பிள்ளையாருக்கு என்ற வழக்கத்தைச் சொன்னார். குழாயை மெல்லச் சாய்த்து, நீளமான ஒரு பட்டுவிரிப்பின் மேல் காசுகளை ஒவ்வொன்றாக வரிசை மாறாமல் வைத்தார். கூட வந்திருந்த தங்கசாலைச் சம்மட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்து, வரிசை சரிதான் என்று தலையாட்டினார்கள்.

"மேலே இருப்பதுதான் முதலில் வரும். ஆகவே இது இன்றைய காசு" என்றார் சிற்றம்பலம். "கோடு முகவாயைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது. இது வியாழன், முகவாய். புதன், மீசை. செவ்வாய், மூக்கு நுனி. அதற்கு முன்னால் நெற்றி, அதற்கும் முன்னால் தலைப்பாகை, அதற்கு முன்னால் கோடே இல்லை. இரும்பு விரிய விரியக் கோடு நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மடங்கு அடிக்கச் சொன்னீர்கள், பாவம், கடைசி மூன்று நாள் ஓட்டமே எடுத்துவிட்டது."

மன்னர் வரிசையைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த கீறல் காசைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. "முகவாய்வரை... அப்படியானால் இது வியாழக்கிழமை அடித்த காசு."

"ஆமாம் மன்னா. செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து சடைச்சி தங்கள் சிறையில் இருக்கிறாள். பொட்டலமும் செவ்வாயிலிருந்து முத்திரையோடு இருக்கிறது. வியாழக்கிழமை பிறந்த காசு செவ்வாய்க்கிழமையே அரிசிப் பானைக்கு அடியில் எப்படிப் போய் உட்கார்ந்தது? அதிகாரிதான் சொல்ல வேண்டும்."

பெத்தபெருமாள் பொட்டலத்தின் பட்டுத்துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி" என்றாள் சடைச்சி. "எனக்கு அவசரமில்ல. மூணு நாளா சும்மாதான இருக்கேன்."

மன்னர் எழுந்தார். படியிறங்கி வந்தார். பட்டுவிரிப்பின் முன்னால் நின்று, செவ்வாய்க்கிழமைக் காசைத் தம் கையாலேயே எடுத்தார். சபை முழுவதும் திடுக்கிட்டது. மன்னருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரரின் கையிலிருந்து பாக்கு சிந்தியது. மன்னர் காசில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"மேடு" என்றார்.

"மேடுதான் மன்னா!" என்றார்கள் பதினெட்டுப் பேரும்.

"உயரமான மேடு."

"என் விரலே இடறி விழுந்தது" என்றார் வாழைப்பழ விரல்காரர்.

மன்னர் அவருடைய விரலைப் பார்த்தார். பிறகு தம் முகத்தின் மேல் கோடு நாள்தோறும் நடந்து வந்திருப்பதைப் பார்த்தார். சங்கிலிக்குள் கிடந்த இரும்பு முகத்தைப் பார்த்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. மண்டபமே அதிரும்படி சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

"ஏனப்பா, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நான் இரண்டாகப் பிளந்திருப்பேன் போலிருக்கிறதே! இத்தனை பேர் இருந்தும் ஒருவன் சொல்லவில்லை!"

"சொல்ல முடியாதபடி மூன்று உத்தரவு இருந்தது மன்னா."

"மூன்றும் ரத்து. சடைச்சி, உன் கையை வெட்டச் சொன்னது என் தவறு. இந்த அதிகாரியை என்ன செய்யலாம், நீயே சொல்."

சடைச்சி மரக்கட்டையைப் பார்த்தாள். பெத்தபெருமாளின் கையைப் பார்த்தாள். நன்றாகக் கொழுத்த கை.

"வெட்டி என்னத்துக்காவுது மவராசா? ஒரு மாசம் வந்து எனக்கு மோர் கடையட்டும். மூணு நாளுத் தயிரு புளிச்சு வீணாப் போச்சு."

"அப்படியே ஆகட்டும். சிற்றம்பலம், உனக்கு என்ன வேண்டும்?"

"தங்கள் முகத்தில் ஒரே ஒரு அடி, மன்னா."

சபை மறுபடி திடுக்கிட்டது. மன்னர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். சிற்றம்பலம் வண்டியில் கிடந்த இருளப்பனின் சம்மட்டியை எடுத்து, தூக்க முடியாமல் தூக்கி, விரிந்த அச்சின் மேல் போட்டார். அது இரண்டாகப் பிளந்தது. மூன்று நாள் எரிச்சல் அந்த ஒரு அடியில் இறங்கியதை அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் மன்னருக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது.

"இது பரிசே இல்லை! உனக்குப் பொற்கிழி தருகிறேன். கூடவே ஒரு பதவி. இன்று முதல், அச்சில் குறையோடு பிறந்த காசுக்கு அரண்மனை புதுக்காசு தரும். ஜனங்கள் கையில் கெட்ட காசுக்குத் தராது. எது எது என்று பிரித்துச் சொல்வது நீ!"

"மன்னா, வேண்டாம்..."

"தண்டோரா போடுங்கள்!"

மறுநாள் விடிந்ததும் சிற்றம்பலத்தின் வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடிவரை கூட்டம். குழந்தையின் அரைஞாணில் கோர்ப்பதற்காகத் துளை போட்ட காசை நீட்டி, "பொறக்கும்போதே ஓட்டைங்க" என்றார் ஒருவர். வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய காசைக் காட்டி, "சம்மட்டி ஓங்கி விழுந்திருச்சு போலங்க" என்றார் இன்னொருவர். நிஜமாகவே அச்சு நழுவி, மன்னருக்கு ஒரு காது மட்டும் விழுந்திருந்த காசை வைத்திருந்த ஒருத்தி மட்டும், மாற்றிக்கொள்ள மாட்டேன், இது ராசியான காசு, சும்மா காட்டத்தான் வந்தேன் என்றாள்.

உச்சி வெயிலுக்குள் சிற்றம்பலத்தின் நகம் தேய்ந்துவிட்டது. சுண்ணாம்பு பட்டு விரல் வெந்துவிட்டது. எதிரே, கூட்டம் இருக்கும் இடத்தில்தான் வியாபாரம் என்று, சடைச்சி கடையை இங்கேயே மாற்றிவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெத்தபெருமாள் மத்துக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொம்பு மோர் குடு சடைச்சி. தலை சுத்துது."

அவள் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்துவிட்டு, சிற்றம்பலம் மடியிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினார்.

கையைக் காப்பாற்றியவர் ஆயிற்றே என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு காசை வாங்கி, நகத்தால் மேலிருந்து கீழே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பானையில் போட்டாள்.